டி3.மீடியத்தில் டெவலப்மென்ட் மெஷின்: மலிவுதான், ஆனால் இந்த கிரெடிட் கணக்கு இருக்கிறதே…

சென்னை கொளத்தூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நண்பர் கேட்டார்: "பழைய லேப்டாப் ரொம்பத் திணறுது. புதுசு வாங்கட்டுமா, இல்ல க்ளவுட்ல ஒரு மெஷின் போட்டு அதுலயே கோட் எழுதட்டுமா?" தாராளமாகப் போடலாம், நானும் அப்படித்தான் வேலை பார்க்கிறேன். அமேசானின் க்ளவுடான ஏடபிள்யூஎஸ், மும்பை ரீஜியன், டி3.மீடியம் என்ற மெஷின் வகை, உபுண்டு, 30 ஜிபி டிஸ்க், இந்தப் பக்கம் லேப்டாப்பிலிருந்து அதற்குள் நுழைய விஎஸ் கோடின் ரிமோட் எஸ்எஸ்ஹெச். மெஷினை எழுப்புவது எப்படி என்று சொல்ல வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. அவை அவசரமாகத் தாண்டிப் போகும் ஒரு விஷயம்தான் எனக்குத் தீராத எரிச்சல்: சிபியு கிரெடிட்.

"2 கோர், 4 ஜிபி" என்று போட்டிருப்பதைப் பார்த்ததும் இரண்டு கோரும் நாள் முழுக்க நமக்குத்தான் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. டி3.மீடியத்தில் ஒரு கோருக்கு 20 சதவீதம்தான் உரிமை. அதற்கு மேல் ஓட்ட கிரெடிட் வேண்டும். ஒரு கோர் ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடினால் 1 கிரெடிட் கழியும். வரவு மணிக்கு 24. அதிகபட்சம் 576 வரை சேரும்.

கோட் எழுதுகிறவர் கையில் இது எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். எழுதும்போதே தப்பு காட்டும் ஜாவா லாங்க்வேஜ் சர்வர், ஃபைல் வாட்சர், பின்னால் ஓடும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் கன்டெய்னர் எல்லாம் சேர்ந்து இரண்டு கோரிலும் சராசரி 15 சதவீதம் தின்றாலே மணிக்கு 18 கிரெடிட் போச்சு. மிச்சம் 6. எழுதிய கோடை ஓடும் புரோகிராமாகக் கட்ட, இரண்டு கோரையும் முழுசாக எடுக்கும் ஆறு நிமிட கிரேடில் பில்டுக்கு 12 வேண்டும். ஆக, மணிக்கு அரை பில்ட்! மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இருப்பு காலியாகிவிட்டால், அதே ஆறு நிமிட பில்ட் அரை மணி நேரம் இழுக்கும்.

மொபைலில் அன்றைய டேட்டா தீர்ந்ததும் வேகம் படுத்துவிடுமே, அதே கதை. ஆனால் மொபைலுக்காவது பாதி தீர்ந்ததும் ஒரு மெசேஜ், முழுசும் தீர்ந்ததும் ஒரு மெசேஜ் வரும். இங்கே மூச்சுப் பேச்சு இல்லை. கன்சோலில் சிபியு கிராஃபைத் திறந்தால் கோடு 20 சதவீதத்தில் மேடு பள்ளமே இல்லாமல் தட்டையாகப் போகும். பார்க்கிறவர் என்ன நினைப்பார்? "80 சதவீதம் சும்மாதானே கிடக்கு, அப்போ கோளாறு என் கோட்லதான்" என்று நேற்று சேர்த்த லைப்ரரியையும் டாக்கர்ஃபைலையும் பிரித்துப் போட்டுத் தேட ஆரம்பிப்பார். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பணம் போனால்கூடப் பரவாயில்லை, ஒருவருடைய அரை நாள் வீணாகிறது.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. டெர்மினலில் 'டாப்' ஓட்டி, மேலே சிபியு வரியின் கடைசியில் வரும் 'எஸ்டி' என்ற எண்ணைப் பாருங்கள். அது பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். 60, 70 என்று ஏறி நின்றால் உங்கள் கோட் மேல் தப்பில்லை, ஒரே சர்வரைப் பல மெஷின்களாகப் பிரித்துக் கொடுக்கும் ஹைப்பர்வைசர் கீழே உங்கள் பங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. ஏடபிள்யூஎஸ்ஸின் கண்காணிப்புப் பக்கமான க்ளவுட்வாட்ச்சில் 'சிபியு கிரெடிட் பேலன்ஸ்' கிராஃபைத் திறந்தால் அது தரையில் கிடக்கும்.

இது நடப்பது 'ஸ்டாண்டர்ட்' மோடில். டி3யை எழுப்பும்போது தானாக வருவது 'அன்லிமிடெட்': கிரெடிட் தீர்ந்தாலும் வேகம் குறையாது, கடனில் ஓடும். "பில் எகிறிடும், ஸ்டாண்டர்டுக்கு மாத்திடு" என்று யாரோ பயம் காட்டியதால் மாற்றிக்கொண்டவர்கள் நிறைய. பழைய டி2வில் தானாக வருவதே ஸ்டாண்டர்ட்தான்.

அந்தப் பயம் எவ்வளவு நியாயம் என்று கணக்குப் போட்டுவிடுவோம். எட்டு மணி நேரம் இரண்டு கோரையும் சராசரி 30 சதவீதம் ஓட்டினால் மணிக்கு 36 கிரெடிட் செலவு, 24 வரவு, 12 கடன். நாள் முடிவில் 96. அன்லிமிடெட்டில் ஒரு கோர் ஒரு மணி நேரம் கடனில் ஓடினால் 5 சென்ட். 96 நிமிடத்துக்கு 8 சென்ட். அவ்வளவுதான்!

இதிலும் ஒரு சிக்கு உண்டு. மெஷினை விட்டுவைத்தால் ராத்திரி வரும் வரவில் அந்தக் கடன் அடைந்துவிடும். நிறுத்தினால் நிறுத்திய கையோடு கடன் பில்லில் ஏறிவிடும். "ராத்திரி ஸ்டாப் பண்ணு" என்ற அறிவுரையும் "24 மணி நேரச் சராசரி பார்ப்பாங்க, கவலைப்படாதே" என்ற அறிவுரையும் இங்கே முட்டிக்கொள்கின்றன. ஆனாலும் நிறுத்துவதுதான் லாபம். 8 சென்ட்டை மிச்சம் பிடிக்க 16 மணி நேரம் ஓடவிட்டால், மும்பையில் மணிக்கு சுமார் 4.5 சென்ட் வீதம் 70 சென்ட்டுக்கு மேல் போகும். சேர்ந்திருக்கும் கிரெடிட்டும் டி3யில் நிறுத்திய பிறகு ஏழு நாள் வரை அப்படியே இருக்கும். டி2வில் நிறுத்தியதுமே போய்விடும்.

ஆகக் கணக்கு டி3யின் பக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். எரிச்சல் மட்டும் அடங்கவில்லை. வியாசர்பாடியில் சொந்தக் காசு போட்டுக் கற்றுக்கொள்ளும் ஒரு பையனுக்கு இவ்வளவு வாய்ப்பாடு எதற்கு? விலைக்குப் பக்கத்திலேயே "ஒரு கோருக்கு 20 சதவீதம்" என்று பெரிய எழுத்தில் போட்டால் போதுமே. மைக்ரோசாஃப்டின் க்ளவுடான அஷூரில் பி வரிசை மெஷின்களும் இதே ரகம்தான். அஷூரின் தென்னிந்திய ரீஜியன் சென்னையிலேயே இருக்கிறது என்று அங்கே போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: உபுண்டுவுக்குள்ளிருந்து ஷட்டவுன் கொடுத்தால் அங்கே மீட்டர் நிற்காது, போர்ட்டலில் போய் 'டீஅலொகேட்' ஆகும்படி, அதாவது மெஷினை முழுசாக விடுவிக்கும்படி நிறுத்த வேண்டும். ஏடபிள்யூஎஸ்ஸில் உள்ளிருந்து நிறுத்தினாலும் நிற்கும். டிஸ்க் வாடகை மட்டும் தொடரும், 30 ஜிபிக்கு மாதம் 3 டாலருக்குள். 2024 பிப்ரவரி 1 முதல் பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட். மாறாத முகவரியான எலாஸ்டிக் ஐபி வைத்திருந்தால் மெஷின் தூங்கும்போதும் அது ஏறும்.

மழைக்காலத்தில்தான் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். புளியந்தோப்பு, கொடுங்கையூர் பக்கமெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நின்றால் கரண்டும் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இணைப்பு அறுந்தாலும் டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் 'டிமக்ஸ்' உள்ளே வேலையை ஓட்டினால் வீடு இருட்டானாலும் மும்பையில் பில்ட் நடந்துகொண்டே இருக்கும். கரண்ட் வந்ததும் 'டிமக்ஸ் அட்டாச்', விட்ட வரியிலேயே கர்சர். எஸ்எஸ்ஹெச்சுக்குப் பதில் 'மோஷ்' போட்டால் பிராட்பேண்டிலிருந்து மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறும்போது இணைப்பு அறுவதும் இல்லை. அதற்கு மெஷினில் யுடிபி போர்ட் 60000 முதல் 61000 வரை திறந்திருக்க வேண்டும். ரௌட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கி வையுங்கள்.

ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால் ஐபி மாறும். மெஷினின் ஃபயர்வாலான செக்யூரிட்டி குரூப்பில், எஸ்எஸ்ஹெச் நுழையும் போர்ட் 22ஐ வீட்டு ஐபிக்கு மட்டும் திறந்தவர் வெளியே நிற்பார். அந்த அவசரத்தில் "எங்கிருந்தும் வரலாம்" என்று திறந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரத்திலேயே லாக் முழுக்கக் கண்டவர்களும் கதவைத் தட்டிய தடம் இருக்கும். போர்ட் திறக்காமலே உள்ளே நுழையவிடும் ஏடபிள்யூஎஸ்ஸின் செஷன் மேனேஜர் வைத்துக்கொள்ளுங்கள். உபுண்டு இமேஜில் ஏஜென்ட் ஏற்கெனவே இருக்கும், மெஷினுக்கு உரிய ஐஏஎம் ரோலை, அதாவது அனுமதியை, ஒட்டினால் போதும், 22ஐத் திறக்கவே வேண்டாம். மோஷ் உள்நுழைய எஸ்எஸ்ஹெச்சைத்தான் நம்பியிருக்கிறது, அதனால் மோஷ் வேண்டுமானால் ஐபியைப் புதுப்பிக்கும் வேலை இருக்கத்தான் செய்யும்.

4 ஜிபி மெமரி பற்றாது. மெமரி தீர்ந்தால் கைகொடுக்க டிஸ்கில் 4 ஜிபி ஸ்வாப் ஃபைல் போட்டு, மறுபடி எழுப்பும்போதும் அது இருக்க எஃப்எஸ்டேபில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் டாக்கரும் லாங்க்வேஜ் சர்வரும் மோதும் நேரத்தில் எஸ்எஸ்ஹெச்சே உறைந்துவிடும். டிஸ்கைப் பின்னால் பெரிதாக்கலாம், சின்னதாக்க முடியாது. அதனால் 30லேயே தொடங்குங்கள்.

பைத்தான், பிஎச்பி, சின்ன நோட்.ஜேஎஸ் வேலை என்றால் டி3.மீடியத்தை அன்லிமிடெட்டிலேயே விட்டு, கடனைக் காட்டும் 'சர்ப்ளஸ் கிரெடிட் பேலன்ஸ்' மேல் ஒரு அலாரம் வையுங்கள். இரண்டு கோரும் ஓயாமல் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 8 சென்ட் கூடுதல், அப்போது மலிவு என்ற பேச்சே இல்லை. ஜாவா, ரஸ்ட் எழுதுகிறவர்களுக்கும் நான் மேலே போட்ட கணக்கு டி3யைத்தான் கைகாட்டும். இருந்தாலும் கிரெடிட் கணக்கே இல்லாத எம்6ஐ.லார்ஜ் எடுங்கள் என்பேன். 2 கோர், 8 ஜிபி, மணிக்கு சுமார் 10 சென்ட். ஒரு நாளைக்கு எட்டு மணி, மாதம் 22 நாள் என்றால் வித்தியாசம் 10 டாலர், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மெஷினை நிறுத்தி, இன்ஸ்டன்ஸ் டைப்பை மாற்றி, மறுபடி எழுப்பினால் அதே டிஸ்கோடு வந்துவிடும். கிரெடிட் கிராஃபை அதற்குப் பிறகு திறக்கவே வேண்டாம்.