பிஸ்டலா, ரைஃபிளா? முதல் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்

சிங்கப்பூரில் துப்பாக்கி நம்மோடு வீட்டுக்கு வராது. ஏர் பிஸ்டலாக இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது ஆயுதம்தான். பயிற்சி முடிந்ததும் துப்பாக்கிச்சுடும் மன்றத்தின் ஆயுதக் கிடங்கில் ஒப்படைத்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, வெறுங்கையோடு பஸ் ஏற வேண்டும். பிஸ்டலா ரைஃபிளா என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். எதில் எளிதாக நடுவளையத்துப் பத்துப் புள்ளி விழும், எதற்குச் செலவு குறைவு என்றுதான் பலரும் கேட்கிறார்கள். இந்த ஊரில் அதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: வாரத்தில் துப்பாக்கி கையில் இல்லாத ஆறு நாட்களில் எதற்கு நம்மால் பயிற்சி எடுக்க முடியும்?

நான் இரண்டையும் சுட்டிருக்கிறேன். முதல் மூன்று ஆண்டுகள் ரைஃபிள், அதன் பிறகு பிஸ்டல். என் மகள் உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக ரைஃபிளைத் தேர்ந்தெடுத்து இப்போதும் சுட்டுக்கொண்டிருக்கிறாள். நான் பேசப்போவது 10 மீட்டர் போட்டிகளைப் பற்றி மட்டும். பறக்கும் களிமண் தட்டைச் சுடும் போட்டிக்கு வெயில், தோட்டாச் செலவு, திறந்தவெளி என்று கணக்கே வேறு. அதை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

குறித்தாளிலிருந்து தொடங்குவோம். இரண்டுக்கும் தூரம் ஒன்று, 4.5 மில்லிமீட்டர் ஈய பெல்லட் என்ற சிறு குண்டும் ஒன்று. பிஸ்டலில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். ரைஃபிளில் அது வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட் அதைத் தொட்டாலே பத்து. இதைக் கேட்டதும் ரைஃபிள்தான் கடினம் என்று தோன்றும். ஆனால் ரைஃபிளை இரு கைகளாலும் தோளாலும் கன்னத்தாலும் தாங்குகிறோம். விறைப்பான ஜாக்கெட்டும் காற்சட்டையும் உடம்பை நிமிர்த்திப் பிடிக்கின்றன. பிஸ்டலுக்கு நீட்டிய ஒரு கைதான். இன்னொரு கை பையிலோ இடுப்பிலோ சும்மா இருக்கும். குறிபார்க்கத் துப்பாக்கியின் மேல் இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகினாலும் 10 மீட்டர் தூரத்தில் அது 30 மில்லிமீட்டர் விலகலாகிவிடும். பத்து விழ வேண்டிய இடத்தில் ஏழு விழும். அதனால்தான் பிஸ்டலில் கண் முன்குறியிலேயே நிலைத்திருக்க வேண்டும், கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தால் போதும் என்று பயிற்றுநர்கள் தலையில் அடித்துச் சொல்கிறார்கள்.

ரைஃபிளின் கணக்கு இன்னும் நுணுக்கமானது. அதில் புள்ளிகளைத் தசமத்தில் எண்ணுகிறார்கள். ஒரு சூட்டுக்கு அதிகபட்சம் 10.9. மையத்திலிருந்து கால் மில்லிமீட்டர் தள்ளினால் 0.1 போய்விடும். 2018ஆம் ஆண்டு கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டுகளில் நம் மார்ட்டினா லிண்ட்சே வெலோசோவும் இந்தியாவின் மெஹுலி கோஷும் இறுதிச் சுற்றில் 247.2 என்ற சமநிலையில் நின்றார்கள். கடைசிச் சூட்டில் 10.9 எடுத்த மெஹுலி, தாம் வென்றுவிட்டதாகவே எண்ணிக் கையை உயர்த்தினார். முடிவு செய்ய ஆளுக்கு ஒரு சூடு. வெலோசோ 10.3, மெஹுலி 9.9. மையத்திலிருந்து அளந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர். தங்கம் சிங்கப்பூருக்கு வந்தது. ரைஃபிளைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்கள் இந்த ஒரு மில்லிமீட்டரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் எல்லோரும் பத்துக்கு அருகில்தான் சுடுவார்கள். ஒரு ஒன்பது விழுந்தால் அதை ஈடுகட்ட இடம் மிகக் குறைவு.

பிஸ்டலில் ஒன்பது எல்லோருக்கும் விழும், எட்டும் விழும். இங்கேதான் இரண்டு போட்டிகளின் குணமும் பிரிகிறது. ரைஃபிள்காரர் அசைவின்மையைக் கட்டுகிறார். பாதம், இடுப்பு, முழங்கை, கன்னம் என ஒவ்வொன்றாக அடுக்கி, எலும்பின் மேல் எடையைச் சாய்த்து, எல்லாம் அடங்கியதும் விசையைத் தொடுகிறார். பிஸ்டலில் அந்த அமைதி வரவே வராது. துப்பாக்கி முனை ஆடிக்கொண்டேதான் இருக்கும். ஆடும்போதே விசையைச் சீராக அழுத்தப் பழக வேண்டும். "இதோ நின்றுவிட்டது, இப்போது!" என்று வெடுக்கென இழுத்தால் அங்கேதான் ஏழு விழும். எனக்கு இது புரிய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ரைஃபிளிலிருந்து வந்தவன் என்பதால் முனை நிற்கட்டும் என்று காத்திருந்து காத்திருந்து கை நடுங்கிப் போகும். ஏழெட்டு வினாடிக்குள் சூடு போகவில்லை என்றால் கையை இறக்கிவிடுங்கள். மின்னணு இலக்கில் 60 சூட்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், ஒரு சூட்டுக்குச் சராசரி 75 வினாடி. இறக்கி மூச்சு வாங்கி மறுபடி தூக்க நேரம் தாராளமாக இருக்கிறது. போட்டியன்று இதை நம்புவதுதான் கடினம்.

போட்டி நாளைப் பற்றிச் சில விஷயங்கள். தொடக்கத்தில் ஆயத்தத்துக்கும் ஒத்திகைச் சூட்டுக்கும் 15 நிமிடம் கிடைக்கும். ஒத்திகைச் சூட்டுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, அதுதான் பொறி. என் இரண்டாவது பிஸ்டல் போட்டியில் குவியல் இடப்பக்கமாகவே விழுகிறது என்று பின்குறியின் திருகாணியைத் திருகித் திருகி முப்பது பெல்லட் வரை சுட்டுவிட்டேன். நாற்பதாவது சூட்டில் தோள் கனத்துவிட்டது. கடைசி இருபது சூட்டில் மட்டும் பத்துப் புள்ளிக்கு மேல் இழந்தேன். இப்போது பத்து, பன்னிரண்டோடு நிறுத்திக்கொண்டு மீதி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறேன். ரைஃபிளில் அந்த 15 நிமிடம் நிலையைச் சரிசெய்யவே போய்விடும். கூடுதலாகச் சுடுவதால் அங்கே அவ்வளவு கேடில்லை.

கருவிச் சோதனையில் பிஸ்டலுக்குத்தான் ஆபத்து அதிகம். விசையின் எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது. குழலை மேல்நோக்கி நிறுத்தி, அந்த எடையை விசையில் மாட்டி, மேசையிலிருந்து மெல்லத் தூக்குவார்கள். எடை மேலே வர வேண்டும், விசை விடுபடக்கூடாது. என் முதல் போட்டியில் நான் இரவல் வாங்கிய மன்றப் பிஸ்டலில் எடை ஒரு விரற்கடை எழும்பியதுமே விசை 'டக்' என்று விடுபட்டுவிட்டது. விசையின் திருகாணியை இறுக்கி மறுபடி காட்ட அனுமதித்தார்கள். சோதனையில் தேறினேன்; ஆனால் விரலுக்குப் பழகிய விசை போய் வேறொரு விசை வந்துவிட்டது. பொதுத் துப்பாக்கியில் சுடுபவர்கள் ஒரு வாரம் முன்பே எடை போட்டுப் பார்த்துவிடுங்கள். ரைஃபிளில் விசைக்கு அப்படிக் கீழ்வரம்பு கிடையாது. ஆனால் ஜாக்கெட்டின் தடிப்பையும் விறைப்பையும் அளப்பார்கள். அதோடு பொது ரைஃபிளில் கன்னத்தாங்கியும் தோள்தாங்கியும் வாரத்துக்கு ஒருவர் கைக்கு மாறும். உங்கள் அளவெண்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். என் மகள் ஒருமுறை இதை மறந்துவிட்டுப் போய், ஒத்திகை நேரம் முழுவதையும் கன்னம் எங்கே உட்கார வேண்டும் என்று தேடியே கழித்தாள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். போட்டித் தரத் துப்பாக்கி எதுவானாலும் புதிதாக வாங்கினால் ஆயிரக்கணக்கான வெள்ளி, அதனால் தொடக்கத்தில் எல்லோரும் மன்றத்தின் துப்பாக்கியில்தான் சுடுகிறோம். ரைஃபிளுக்கு ஜாக்கெட், காற்சட்டை, பூட்ஸ், கையுறை எல்லாம் தனி. வளரும் பிள்ளைக்கு வாங்கிய ஜாக்கெட் ஒன்றரை ஆண்டில் தோளில் பிடிக்கும். அடுத்த மாணவிக்கு விற்றுவிட்டு வேறு தேட வேண்டும். பிஸ்டலுக்குத் தட்டையான அடிப்பாகம் உள்ள, கணுக்காலை மறைக்காத காலணி போதும். பிடியின் அளவு மட்டும் உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும். அதில் சமரசம் செய்யாதீர்கள்.

உடம்பையும் யோசிக்க வேண்டும். ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். அதை இடப்பக்க இடுப்பில் தாங்கி, முதுகைப் பின்னுக்கு வளைத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். "அப்பா, கீழ்முதுகு ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது" என்று மகள் சொன்ன வாரமே பயிற்றுநரிடம் பேசி, முதுகுக்கும் வயிற்றுக்குமான உடற்பயிற்சியைக் கட்டாயமாக்கினேன். பெற்றோர்கள் இதைப் பிள்ளையின் சோம்பலாக எண்ணிவிடக்கூடாது. பிஸ்டலில் தோளும் மணிக்கட்டும்தான் வலிக்கும். எதைச் சுட்டாலும் ஈயத்தைத் தொட்ட கையை நன்றாகக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள். போட்டிக் காலையில் கோப்பியும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நீட்டிய கையின் முனையில் ஒவ்வொரு நாடித்துடிப்பும் தெரிந்தது.

இப்போது அந்த ஆறு நாட்கள். பிஸ்டலுக்கு வீட்டில் பயிற்சி இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் நிரப்பிய பாட்டில் ஏறத்தாழப் பிஸ்டலின் எடை. படுக்கையறையில் வெற்றுச் சுவரைப் பார்த்து நின்று, தோள் உயரத்துக்குத் தூக்கி, பத்து வினாடி நிறுத்தி, இறக்கி, அரை நிமிடம் ஓய்வு. இருபது முறை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும். உண்மையைப் போலத் தோன்றும் மாதிரித் துப்பாக்கியை வாங்கிப் பழகலாமே என்று மட்டும் நினைக்காதீர்கள், அவற்றுக்கும் இங்கே கட்டுப்பாடு உண்டு. ரைஃபிளுக்கு இப்படி ஒரு மாற்று இல்லை. அந்த எடை தோளிலும் கன்னத்திலும் இல்லாமல் அந்த நிலை உருவாகாது. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வரவேற்பறையில் நின்றாலும் உடம்பு வேறு சமநிலையைத்தான் கற்றுக்கொள்ளும்.

ஆகவே என் தீர்ப்பு இது. வேலைக்குப் போகிறவர், வாரத்தில் ஒரு நாள்தான் சுடுதளத்துக்கு வர முடியும் என்றால் தயங்காமல் பிஸ்டலுக்குப் பெயர் கொடுங்கள். வாரத்தில் மூன்று நாள் சுடுதளம் கிடைக்கும் பள்ளி மாணவருக்கு ரைஃபிள் பொருந்தும். உழைப்புக்கு அது விரைவாகப் பலன் தரும், கூர்மையாகவும் கேள்வி கேட்கும். நம் ஊர் இரண்டிலும் சாதித்திருக்கிறது. 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டுகளில் தியோ ஷுன் சியே ஏர் பிஸ்டலில் தங்கம் வென்றார். வெலோசோவைப் பற்றி மேலே சொன்னேன். இந்த ஊருக்கு எது ராசி என்று தேடுவதில் பொருளில்லை.

மகளுக்கு அடுத்த ஆண்டு பள்ளி முடிகிறது. அதோடு பள்ளிச் சுடுதளமும் போய்விடும். சென்ற வாரம் என் அறைக்கு வந்து பாட்டிலை எடுத்து நீட்டிப் பார்த்தாள்.

"முனை நிற்கவே மாட்டேன் என்கிறதே, அப்பா."

"நிற்காது, கண்ணு. பத்து வரை எண்ணு."

ஏழில் கை இறங்கிவிட்டது. அரை நிமிடம் கழித்து, நான் சொல்லாமலே மறுபடி தூக்கினாள்.