எண்ணூர் மஞ்சள் மட்டிக்கு எது சரி: பார்கோடா, முழு ஜீனோமா?

“பழவேற்காட்டு மட்டியக் கொண்டாந்து வுட்டா இங்க நிக்குமா தம்பி?” எண்ணூர்க் காட்டுக்குப்பத்து மீனவ அண்ணன் ஒருவர் வலையை உதறிக்கொண்டே கேட்டார். வலையில் வந்தது முழுக்கக் காக்கா ஆழி. தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த இந்தக் கறுத்த சிப்பி, கொசஸ்தலை ஆற்றில் பாய் விரித்தாற்போல் படிந்து, மஞ்சள் மட்டி என்ற உள்ளூர்ச் சிப்பி புதைந்து வாழும் சேற்றையே மூடிவிட்டது. மிச்சமிருக்கும் மட்டியின் டிஎன்ஏவை எந்த முறையில் ஆராய்வது என்று எங்கள் ஆய்வகத்தில் முடிவெடுக்க உட்கார்ந்தபோது, அவர் கேள்விதான் என் மனதில் நின்றது.

டிஎன்ஏவில் ஒரு சிறு துண்டை மட்டும் படிக்கும் பார்கோடு மலிவு, சீக்கிரம் முடியும். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவில் சுமார் 650 எழுத்துகளைப் படித்தால் இனம் தெரிந்துவிடும். தண்ணீரில் மிதக்கும் பொடிக் குஞ்சு மட்டியா, காக்கா ஆழியா என்று பிரிக்க இன்றும் நான் அதைத்தான் எடுப்பேன்.

ஆனால் அண்ணன் கேட்டதற்கு அதில் பதில் கிடைக்காது. மைட்டோகாண்ட்ரியா பொதுவாகத் தாய்வழி மட்டும் வரும். சில இருவோட்டுச் சிப்பிகளில் ஆணுக்குத் தகப்பன் வழியிலும் வரும். மஞ்சள் மட்டியின் உறவுக்கார இனமான மெரெட்ரிக்ஸ் லமார்க்கியில் அது பதிவாகியிருக்கிறது. எந்தத் திசுவை வெட்டினோம் என்பதைப் பொறுத்து முடிவே மாறலாம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அனல் மின் நிலையச் சாம்பலும் சுடுநீரும் கலந்த எண்ணூர்க் கழிமுகத்தில் இத்தனை வருடம் தாக்குப்பிடித்த மட்டிக்கு, அதற்கேற்ற மரபணு மாற்றங்கள் இருக்கலாம். பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பழவேற்காடும் எண்ணூரும் இணைந்திருப்பதால் இரண்டு இடத்து மட்டியும் ஏற்கெனவே கலந்தும் இருக்கலாம். கலந்திருந்தால் தாராளமாகக் கொண்டுவந்து விடலாம். தனித்திருந்தால், வெளி மட்டியைக் கொட்டி உள்ளூர் வம்சத்தைக் கரைத்துவிடுவோம், திரும்ப எடுக்க முடியாது. இதை 650 எழுத்து சொல்லாது. 2023இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பச்சை ஆழி என்ற சிப்பியின் ஜீனோம், அதாவது அதன் மொத்த டிஎன்ஏ, சுமார் 72 கோடி எழுத்து, 15 குரோமோசோம். தேட வேண்டிய பரப்பு அவ்வளவு பெரியது.

அதனால் முழு ஜீனோம் பக்கம் சாய்ந்தோம். ஒரு மட்டியை மட்டும் முழுசாகப் படித்து, இரண்டு இடத்து மற்ற மட்டிகளை மேலோட்டமாகப் படித்து அதோடு ஒப்பிட்டால் செலவு கட்டுப்படும். ஆனால் ஜீனோம் காட்டுவது சந்தேகப்படத் தக்க மரபணுக்களைத்தான். அவைதான் சூட்டைத் தாங்க வைக்கின்றனவா என்பதற்குத் தொட்டியில் வளர்த்துப் பார்க்க வேண்டும். குஞ்சு பொரிப்பகத்தில் நான் வேலை பார்த்ததில்லை, அதனால் அந்தப் பக்கம் அழுத்திப் பேச மாட்டேன்.

கஷ்டம் திசுவில்தான். பார்கோடுக்கு எத்தனாலில் போட்ட துண்டு போதும். முழு ஜீனோமுக்கு அறுபடாத நீள டிஎன்ஏ வேண்டும், அதற்கு மட்டி உயிரோடு வர வேண்டும், வெட்டிய உடனே உறைய வைக்க வேண்டும். முதல் தடவை டிஎன்ஏவோடு சளியும் சேர்ந்து பழுப்புப் பசையாகக் குழாயில் ஒட்டிக்கொண்டது. இப்போது கால் தசையில் அரிசி அளவுக்கு மட்டும் வெட்டுகிறோம். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து அண்ணன் போன் செய்கிறார். ஈரச்சாக்கில் சுற்றி அவர் தரும் ஐந்தாறு மட்டிகளை அன்றைக்கே ஆய்வகத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறேன்.