ரூட்டிங் எங்கே இருக்க வேண்டும்: எக்ஸ்எம்எல் கோப்பிலா, டிபென்டென்சி இன்ஜெக்‌ஷனிலா?

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கொழுந்துக் கணக்குச் செயலியை இரண்டு வருடமாக நான்தான் பார்க்கிறேன். மடுவத்தில், அதாவது நிறுவைக் கொட்டகையில், கொழுந்தை நிறுத்ததும் எடை ஒரு செய்தியாகக் கிளம்பும். அது சம்பளக் கணக்குக்கும் ஃபெக்டரிக்கும் போய்ச் சேர வேண்டும். வருகை, எடைத் திருத்தம் என்று வேறு வகைகளும் உண்டு. எது யாரிடம் போவது என்பதை, அதாவது ரூட்டிங்கை, எங்கே எழுதுவது?

எல்லாவற்றையும் ஒரு ஸ்விட்ச் கேஸில், வகைக்கு வகை கிளை பிரியும் கோட்டில், அடைப்பது இரண்டு மூன்று வகை இருக்கும்வரை சரி.

அப்புறம் எக்ஸ்எம்எல் கோப்புக்கு மாறினேன். செய்தி வகைக்கு எதிரே அதைக் கையாளும் கிளாஸின் பெயர், அவ்வளவுதான். திரும்ப பில்ட் செய்யாமலே வழியை மாற்றலாம், எல்லா வழியும் ஒரே பக்கத்தில் தெரியும். ஆனால் அங்கே கிளாஸின் பெயர் வெறும் எழுத்து. கோடைச் சரிபார்த்து மொழிமாற்றும் கம்பைலர் அதைப் பார்ப்பதில்லை. ஒருநாள் திருத்தத்துக்கான கிளாஸின் பெயரை மாற்றிவிட்டு, கோப்பை மறந்துவிட்டேன். செயலி ஒழுங்காகத்தான் தொடங்கியது. அந்தி நிறுவைக்குப் பிறகு முதல் திருத்தம் வந்தபோதுதான் பிழை விழுந்தது, அதுவும் லொக்கில் ஒரே வரியாக. திருத்தம் கணக்கில் சேரவில்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். அடுத்த நாள் ஒரு அக்கா வந்து, "தம்பி, நான் கொழுந்து கொறச்சி எடுக்கலயே" என்றார். அவருடைய அரைநாள் சம்பளம் என் கோப்பில் சிக்கிக் கிடந்தது.

அதனால்தான் இப்போது முழுக்க டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் பக்கம் நிற்கிறேன்: ஒரு கிளாஸுக்குத் தேவையானதை அதுவே தேடாமல் வெளியிலிருந்து கொடுக்கும் முறை. நாங்கள் பாவிப்பது அதைச் செய்துதரும் ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க். செய்தியைக் கையாளும் கிளாஸ்தான் ஹேண்ட்லர். ஒவ்வொரு ஹேண்ட்லரும் ஒரே இன்டர்ஃபேஸை (கிளாஸ்கள் ஒத்துக்கொள்ளும் பொது வடிவத்தை) நிறைவேற்றும் பீன், அதாவது ஸ்பிரிங் உருவாக்கிப் பராமரிக்கும் பொருள். தான் எந்த வகையை ஏற்கிறது என்பதைத் தானே சொல்லும். செய்திகளைப் பிரித்தனுப்பும் ரூட்டரின் கன்ஸ்ட்ரக்டரில் (அது உருவாகும்போது ஓடும் பகுதியில்) அந்த இன்டர்ஃபேஸின் லிஸ்ட்டைக் கேட்டால், ஸ்பிரிங் அத்தனை பீன்களையும் சேர்த்துக் கொடுக்கும். எடைச் செய்திக்கு இரண்டு ஹேண்ட்லர் இருந்தாலும் இரண்டுமே வரும். புதிய வகைக்கு ஈனமில் (enum, செய்தி வகைகளின் பட்டியல்) ஒரு பெயர், ஒரு புதிய கிளாஸ். ரூட்டரைத் தொடுவதே இல்லை.

கன்ஸ்ட்ரக்டரிலேயே ஒரு சோதனையும் வைத்தேன்: ஈனமில் உள்ள ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஹேண்ட்லராவது இருக்கிறதா? இல்லையென்றால் எக்ஸெப்ஷன், அதாவது பிழை எறிந்து நின்றுவிடும். ஸ்பிரிங் சிங்கிள்டன் பீன்களை (ஒன்றே ஒன்றாக உருவாக்கப்படுபவற்றை) வழக்கமாகத் தொடக்கத்திலேயே உருவாக்கிவிடும். அதனால் வழி விடுபட்டால் செயலி எழும்பவே எழும்பாது. காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூடும் நேரத்துக்கு) முன்பே எனக்குத் தெரிந்துவிடும். இந்தச் சோதனையைக் கோப்புக்கும் எழுதியிருக்கலாம்தான். ஆனால் பெயர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இரண்டு இடத்தை ஞாபகம் வைக்கும் வேலை அப்படியே இருந்திருக்கும். டெஸ்ட்டில் போலி சம்பள ஹேண்ட்லரைக் கொடுத்துவிட்டால், செய்திகளைக் கடத்தும் புரோக்கர் சேவர் தேவையில்லை. மழையில் லைன் போன நாளிலும் முழு ரூட்டிங்கையும் லேப்டொப்பிலேயே ஓட்டிப் பார்க்கிறேன்.

இழந்தது அந்த ஒரு பக்கப் பார்வையை. அதற்காகத் தொடக்கத்தில் வழிப்பட்டியலை லொக்கில் அச்சிடுகிறேன்.

நான் ஓட்டிப் பார்த்தது ஒரு தோட்டம், ஐந்து வகை மட்டும். தோட்டத்துக்குத் தோட்டம் வழி மாறும் இடத்தில் கோப்பு வெல்லக்கூடும். அடுத்த மாதம் இரண்டாவது தோட்டம் சேர்கிறது. அதன் கொழுந்து வேறு ஃபெக்டரிக்குப் போகும். இப்போதைக்கு அந்த ஃபெக்டரியின் முகவரியை மட்டும் கோப்பில் வைக்கப் போகிறேன், கிளாஸின் பெயரை அல்ல.