எப்வொர்த்: வெஸ்லி வளர்ந்த வீடும் ஊரின் மெதடிஸ்த ஆலயமும்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள எப்வொர்த்துக்கு வருகிறவர்களில் பலர் ஓல்ட் ரெக்டரி (பழைய குருமனை) அருங்காட்சியகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வீடு அருமையானதுதான். ஆனால் புனித அந்திரேயா ஆலயத்தையும் வெஸ்லி நினைவாலயத்தையும் விட்டுவிட்டால், மெதடிஸ்த விசுவாசம் எதற்காகப் பிறந்தது என்பது பிடிபடாது. மூன்றையும் நடந்தே பார்க்கலாம். அரை நாள் வேண்டும்.

முதலில் வீடு. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1703இல் பிறந்தது இந்தச் செங்கல் கட்டடத்தில் அல்ல. அவர் பிறந்த பழைய வீடு 1709 பிப்ரவரி 9 இரவு எரிந்துபோனது. ஏணி எடுத்துவர நேரமில்லாமல் ஒருவர் தோளில் இன்னொருவர் ஏறி, மாடி ஜன்னலில் நின்ற ஐந்து வயது ஜானை இறக்கினார்கள். 'அக்கினியினின்று தப்புவிக்கப்பட்ட கொள்ளி' என்ற சகரியாவின் வசனத்தை அவர் பின்னாளில் தமக்கே பொருத்திச் சொன்னார். இப்போது நிற்பது அதன் பிறகு கட்டியது. உலக மெதடிஸ்த பேரவை 1954இல் வாங்கிப் புதுப்பித்தது.

நிதானமாக நிற்கவேண்டிய இடம் சமையலறை. 1711–12 குளிர்காலத்தில் ஊர்க் குருவானவரான கணவர் சாமுவேல் லண்டனில் இருந்தபோது, ஜானின் தாய் சூசன்னா வெஸ்லி ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் ஜெபமும் பிரசங்கமும் வாசித்தார். அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கி, கூட்டம் 200 பேரைத் தாண்டியது. உதவிக் குருவானவர் புகார் எழுதினார். நிறுத்தச் சொல்லிக் கணவரிடமிருந்து கடிதம் வந்தது. விருப்பமாகச் சொல்லாதீர்கள், கட்டளையாகவே எழுதுங்கள், அப்போதுதான் தேவனுக்குமுன் அந்தப் பொறுப்பு என்மேல் இராது என்று பதில் எழுதினார் சூசன்னா. குருப்பட்டம் பெறாதவர் நடத்தும் கூட்டம், வீட்டுக்குள் ஜெபம், எளியவர்களுக்கு இடம்: மெதடிஸ்த வழியின் முக்கிய அடையாளங்கள் இங்கேயே தெரிந்துவிடுகின்றன. வாரம் ஒரு மாலை ஒவ்வொரு பிள்ளையோடும் தனியே பேசுவதும் அவர் வழக்கம். ஜானுக்கு வியாழன், அவர் தம்பி சார்ல்ஸுக்குச் சனி. 1716–17இல் 'ஓல்ட் ஜெஃப்ரி' என்ற ஆவியின் சத்தம் கேட்டதாகச் சொல்லப்படும் மேல்மாடிக்கு ஐந்து நிமிடம் போதும்.

அடுத்து மேட்டில் உள்ள புனித அந்திரேயா ஆலயம். இது ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலயம். மெதடிஸ்த ஆலயம் என்று நினைத்து ஞாயிறன்று இங்கே வந்துவிடுகிறவர்கள் உண்டு. வெளியே சாமுவேலின் கல்லறை. 1742 ஜூன் 6 அன்று உள்ளே பிரசங்கிக்க அனுமதி கிடைக்காததால், தந்தையின் கல்லறைமேல் நின்று ஜான் பிரசங்கித்தார். அடுத்த ஜனவரியில், தகுதியற்றவர் என்று சொல்லி அவருக்கு இங்கே திருவிருந்தும் மறுக்கப்பட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு 1889இல் திறந்த வெஸ்லி நினைவாலயத்துக்குப் போங்கள். மெதடிஸ்த திருவிருந்துக்கு, ஆண்டவரை நேசிக்கும் எவரையும், எந்தச் சபையானாலும், அழைக்கிறார்கள். போதையில்லாத திராட்சரசத்தைச் சிறு கிண்ணங்களில் தருவது வழக்கம்.

விசுவாசத்தின் சாரம் இதுதான்: எல்லாருக்கும் இரட்சிப்பு தேவை, எல்லாரும் இரட்சிக்கப்படலாம், இரட்சிக்கப்பட்டதை எல்லாரும் அறியலாம், எல்லாரும் முற்றுமுடிய இரட்சிக்கப்படலாம். முன்குறிக்கப்பட்ட சிலருக்கு மட்டுமே கிருபை என்பதை வெஸ்லி ஏற்கவில்லை. இந்த உபதேசம் மக்கள் நெஞ்சில் பதிந்தது சார்ல்ஸின் பாடல்களால். 6,000க்கு மேல் எழுதினார். ஆகவே ஆராதனை நேரத்தில் போவதே மேல். வெறும் கட்டடமாகப் பார்த்தால் இங்கே கிடைப்பது கொஞ்சம்தான்.

ஊர் ஒற்றுமையாகவே இருந்ததென்று எண்ணவேண்டாம். இதே எப்வொர்த்தில் 1762இல் பிறந்த அலெக்சாண்டர் கில்ஹாம், சபை நிர்வாகத்தில் போதகரல்லாதவர்களுக்கும் பங்கு கேட்டதால் விலக்கப்பட்டு, 1797இல் மெதடிஸ்ட் நியூ கனெக்ஷன் பிரிவைத் தொடங்கினார். வெஸ்லியைத் தேடி வருவோர் இவரைக் கவனிப்பதே இல்லை, அது நியாயமில்லை.

போகுமுன் சில விஷயங்கள். எப்வொர்த்தில் ரயில் நிலையம் இல்லை. டான்காஸ்டரில் இறங்கிச் சாலை வழியே வரவேண்டும். ஞாயிறு பேருந்து நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் அருங்காட்சியகம் மூடியிருக்கும். ஒரு போதகர் பல ஆலயங்களைக் கவனிப்பதால், அந்த ஆலயங்கள் சேர்ந்த சேகரத்தின் அட்டவணைப்படி பல ஞாயிறுகளில் குருப்பட்டம் பெறாத உள்ளூர்ப் பிரசங்கிகளே ஆராதனை நடத்துவார்கள். எல்லா வாரமும் திருவிருந்து இராது. திருவிருந்து வேண்டுமென்றால் எந்த ஞாயிறு என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு மெதடிஸ்த மக்களுக்குப் பழக்கமான உடன்படிக்கை ஆராதனையை (தேவனோடு செய்த உடன்படிக்கையை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஆராதனை) இங்கே காண ஆசையென்றால் பெரும்பாலும் புத்தாண்டின் தொடக்கத்தில் வரவேண்டும்; அப்போது ரெக்டரியைப் பார்க்க முடியாது.