கடைக்கு ஷெட் போடும் முன் இன்ஜினியரிடம் கொடுத்த வேலை: 5-க்கு 4 மதிப்பெண்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கள் கட்டுமானப் பொருள் கடைக்குப் பின்னால் 20-க்கு 30 அடியில் நான்கு பக்கமும் திறந்த ஷெட் போட வேண்டியிருந்தது. ஆறு தூண், ஒரே பக்கச் சரிவு, மேலே தகர ஷீட், அவ்வளவுதான். விலை கேட்ட ஃபேப்ரிகேட்டர்கள் எல்லாரும் சதுர அடிக்கு எவ்வளவு என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள், காற்றைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை. வர்தா புயலில் (டிசம்பர் 2016) இந்தப் பக்கம் ஷீட்டுகள் பறந்ததை மறக்க முடியுமா? அதனால்தான் தனியாகச் செயல்படும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் போனேன்.

அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது: "ஷெட்டுக்குள்ள சரக்கை எவ்வளவு உயரத்துக்கு அடுக்குவீங்க?" திறந்த கூரைக்கு இதுதான் உயிர்நாடி. உள்ளே காலியாக இருந்தால் காற்று ஊடுருவிப் போய்விடும். பிளைவுட்டும் சிமெண்ட் மூட்டையும் மேல்வரை நின்றால் அடியில் சிக்கிய காற்று கூரையைத் தூக்கும், மேலே ஓடும் காற்றும் சேர்ந்து உறிஞ்சும். காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 875 பகுதி 3-இல், 5 டிகிரி சரிவுக்கு இந்த உறிஞ்சல் குணகம் (காற்றழுத்தத்தில் எத்தனை பங்கு கூரையைத் தூக்கும் என்ற எண்) காலியாக இருந்தால் 0.7, முழுக்க அடைத்தால் 1.1.

அதே விதியில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், மதுரைக்கு 39. வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் இங்கே காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. காற்று வீசும் திசையைக் கணக்கில் எடுத்து மற்ற இடங்களில் வேகத்தில் கிடைக்கும் 10 சதவீதக் குறைப்பும், புயல் பகுதி என்பதால் இங்கே கிடையாது. இதை அந்தக் குணகத்தால் பெருக்கி எங்கள் கூரை முழுவதற்கும் கணக்குப் போட்டால் காலி ஷெட்டில் மேல்நோக்கி 6 டன், சரக்கு அடைத்தால் 9 டன்னுக்கும் மேல்! ஷீட், அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின் எல்லாம் சேர்ந்த எடையோ ஒரு டன்கூட வராது.

ரிப்போர்ட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்த 9 டன்னை ஷீட் ஸ்க்ரூவில் தொடங்கி பர்லின், தூண், தூணின் அடியில் இருக்கும் பேஸ் பிளேட், அதைக் கான்கிரீட்டில் பிடிக்கும் ஆங்கர் போல்ட் என்று மண் வரைக்கும் விடாமல் துரத்தியிருக்கிறார். கூரையின் ஓரத்திலும் மூலையிலும் உறிஞ்சல் இன்னும் அதிகம் என்பதால் அங்கே ஸ்க்ரூவை நெருக்கிப் போடச் சொல்லி வரைபடத்திலேயே குறித்துக் கொடுத்தார். அப்புறம் அஸ்திவாரம். வழக்கமாக இங்கே ஒன்றரை அடி சதுரத்தில் இரண்டடிக் குழி தோண்டி கான்கிரீட் ஊற்றுவார்கள், அதன் எடை 300 கிலோதான். எங்களுக்கோ தூணுக்கு ஒன்றரை டன் தூக்கல், அதையும் பாதுகாப்புக்காக 1.5-ஆல் பெருக்கி, கூரை எடையில் 0.9 பங்கை மட்டும் கழித்துப் பார்க்கிறார்கள். ஆகவே நான்கடி ஆழத்தில் அகலமான ஃபூட்டிங் (அடித்தளக் கான்கிரீட்), மேலே இறுக்கிய மண். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வரும் என்றும் கேட்டார், ஏனென்றால் தண்ணீருக்குள் அந்த எடை குறைந்துவிடும்.

ஒரு மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் இருக்கிறது. வரைபடம் சொன்ன நாளுக்கு வரவில்லை. ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலத்தில் இருந்ததால் வெல்டருக்கு நானே ஒவ்வொரு பக்கமாக விளக்க வேண்டியிருந்தது. ஃபூட்டிங்குக்கும் ஸ்க்ரூவுக்கும் மட்டுமாவது தமிழில் ஒரு பக்கம் கொடுங்கள் என்று அவரிடம் நேராகவே சொல்லியிருக்கிறேன். நீங்கள் போனால் கட்டணம் பேசும்போதே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள், கான்கிரீட் போடும் அன்று நேரில் வருவாரா என்பதையும் சேர்த்து.