ஒரே காலநிலை மாதிரி, இரண்டு சூப்பர் கம்ப்யூட்டர்: எந்தச் சோதனையை நம்புவது?

காலநிலை மாதிரி என்பது பூமியின் காற்று, கடல், மண்ணைக் கணக்கிட்டுக் காட்டும் நிரல். புனேவின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனமான ஐ.ஐ.டி.எம்.மின் பெரிய மெஷினில் ஓடிய மாதிரியை அப்படியே கொண்டுவந்து புதுச்சேரி காலாப்பட்டில் ஒரு சின்ன சர்வரில் ஓட்டினால், விடை அச்சுஅசலாக வராது. நிரலும் ஒன்று, தொடக்கத் தரவும் ஒன்று. ஆனாலும் சில வாரங்களில் இரண்டும் வெவ்வேறு வானிலையைக் காட்டும். கணினியில் எண்களை எந்த வரிசையில் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்துக் கடைசி இலக்கம் மாறும். 64 பிட் எண்ணில் சுமார் 16 இலக்கம்தான் நிற்கும், மிச்சம் வெட்டுப்படும். 0.506127 என்பதை 0.506 என்று கொடுத்ததற்கே வானிலை எங்கோ போய்விட்டதை 1961இலேயே வானிலை விஞ்ஞானி எட்வர்ட் லோரன்ஸ் பார்த்துவிட்டார்.

சரி, வித்தியாசம் வரும். அது தீங்கில்லாத வித்தியாசமா, மெஷின் மாறியதில் ஏதாவது உடைந்துவிட்டதா? இதைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு.

முதலாவது, பிட்டுக்குப் பிட் ஒப்பிடுவது. செலவே இல்லை. இரண்டு கோப்பும் ஒன்றா இல்லையா, அவ்வளவுதான். மழை பிடித்தால் கரண்ட் போகும் ஊரில், பாதியில் நின்ற ஓட்டத்தை ரீஸ்டார்ட் கோப்பிலிருந்து தொடரும்போது இதைவிட நல்ல சோதனை கிடையாது. ஆனால் வேறு மெஷினுக்குப் போனதும் பயனற்றது. எப்போதும் ‘தோல்வி’ என்றே சொல்லும் சோதனையை வைத்து என்ன செய்வது?

இரண்டாவது, புள்ளியியல் வழி. தொடக்க வெப்பநிலையை 14ஆவது தசமத்தில் லேசாகத் தட்டிவிட்டு, பழைய மெஷினில் நூற்றுக்கும் மேற்பட்ட ஓட்டங்களை ஓட்ட வேண்டும். புது மெஷினின் விடை அந்தக் கூட்டத்துக்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வளிமண்டல ஆய்வு மையமான என்.சி.ஏ.ஆர். 2015இல் வெளியிட்ட முறை 151 ஓராண்டு ஓட்டங்களை வைத்தது. பிறகு வந்த வடிவத்துக்கு ஒன்பது காலப்படிகளே (மாதிரி ஒரு தடவைக்குத் தாண்டும் நேரத்துண்டு ஒரு படி) போதும். கூர்மையான கருவிதான். பெருக்கலையும் கூட்டலையும் ஒரே அடியில் செய்யும் எஃப்.எம்.ஏ. கட்டளை ஒரு மெஷினில் விடையை மாற்றிவிட்டதைக்கூட அது பிடித்தது. ஆனால் ‘பழசு மாதிரி இருக்கிறதா’ என்றுதான் அது கேட்கும். பழசே தப்பாக இருந்தால் புதுசும் அதே தப்போடு பாஸ்.

மூன்றாவதுதான் என் கட்சி: ஆற்றல் கணக்கு. மளிகைக்கடைப் பேரேடு போலத்தான். வரவில் செலவு போக மிச்சம் கல்லாவில் இருக்க வேண்டும். உலக சராசரியில் சதுர மீட்டருக்கு சுமார் 340 வாட் சூரிய ஒளி வந்து, 240 வாட் உறிஞ்சப்படுகிறது. திரும்பிப் போகும் வெப்பம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஒரு வாட்டை ஒட்டிய அந்த மிச்சத்தில் சுமார் 90 சதவீதம் கடலுக்குள் போகிறது. வளிமண்டல உச்சியில் நுழைந்த நிகர வெப்பமும் கடல், பனி, காற்று, மண்ணில் கூடிய வெப்பமும் ஒத்துப்போக வேண்டும். இயற்பியல் விதிக்கு எந்த மெஷினும் விலக்கு இல்லை. உச்சியில் சமநிலை இல்லாதது வேறு, வெப்பம் கணக்கில் காணாமல் போகும் கசிவு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாட் நுழைந்து, அதே இரண்டு வாட் கடலில் ஏறினால் கணக்கு சரி.

கசிவு எப்படி வரும்? நேரம் மிச்சமாகட்டும் என்று 32 பிட்டுக்கு மாறினீர்கள் என்று வையுங்கள். 290 கெல்வினுக்கு அருகே 32 பிட் எண்களின் இடைவெளி சுமார் 0.00003 கெல்வின். ஆழ்மண் ஆண்டுக்கு 0.01 டிகிரி சூடேற வேண்டும் என்றால், அரை மணி நேரப் படி ஒவ்வொன்றிலும் சேர வேண்டியது 0.0000006 கெல்வின். கூட்டினால் பழைய எண்ணே வரும். நூறு ஆண்டு ஓட்டினாலும் மண் சூடேறாது. வெப்பம் உள்ளே வந்தது, காணவில்லை!

தண்ணீர்க் கணக்கையும் கூடவே பாருங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சதுர மீட்டருக்கு 400 கிலோ தண்ணீர். நீராவி ஒடுங்கும்போது கிலோவுக்கு சுமார் 25 லட்சம் ஜூல் வெப்பம் வெளிவரும் என்று வைத்தால் 100 கோடி ஜூல். கரண்ட் பில் பாஷையில் 278 யூனிட். ரெயின்போ நகரில் ஒரு கட்டில்கூடக் கொள்ளாத இடத்துக்கு மேலே அவ்வளவு! அது வங்கக்கடலில் ஆவியாகிக் காற்றோடு வந்த சரக்கு. அதனால் புதுச்சேரியை மட்டும் கட்டம் கட்டிக் கணக்குப் பார்த்தால் ஒத்துவராது. உலகம் முழுவதற்கும் கூட்ட வேண்டும்.

இதற்கும் ஓட்டை உண்டு. பல மாதிரிகளில் ‘எனர்ஜி ஃபிக்ஸர்’ என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் குறைந்ததை உலகம் முழுவதும் சமமாகத் தூவிக் கணக்கை நேராக்கிவிடும். பேரேடு சுத்தமாக இருக்கும், கோளாறு உள்ளேயே இருக்கும். ஆகவே மிச்சத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஃபிக்ஸர் படிக்கு எத்தனை வாட் தூவுகிறது என்பதைத் தனியாக எழுதவைத்து, இரண்டு மெஷினிலும் ஒப்பிடுங்கள்.

ஐ.ஐ.டி.எம்.மின் சூப்பர் கம்ப்யூட்டர்களில் 2018இன் பிரத்யூஷிலிருந்து 2024இன் ஆர்காவுக்கு மாறுகிறவர்களுக்கு மெஷின் நேரம் இருந்தால் புள்ளியியல் சோதனையும் செய்யட்டும். கையில் சின்ன சர்வர்தான் என்றால் ஆற்றல் கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஃபிக்ஸர் எண் இரண்டிலும் ஒத்துவரவில்லையா? நிரலைத் தோண்டும் முன் எஃப்.எம்.ஏ.வை அணைத்து, கம்பைலர் ஆப்டிமைசேஷனை (நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும்போது வேகத்துக்காகச் செய்யும் மாற்றங்களை) ஒரு படி இறக்கி, இன்னொரு தடவை ஓட்டுங்கள்.