பொலிரோ கேம்பரா, இசுசு வி-கிராஸா?

களக்காடு பக்கம் வாழை போட்டிருக்க அண்ணாச்சிமாரு ரெண்டு மூணு பேரு இதத்தான் கேக்காவ, ரெண்டுமே பின்னால சரக்கு ஏத்துத டீசல் பிக்கப், ரெண்டுலயும் ஃபோர் வீல் டிரைவ் (நாலு சக்கரமும் இழுக்குத) வண்டி உண்டு.

விலை: வி-கிராஸ் விலைல கேம்பர் பாதிகூட வராது.
இஞ்சின்: கேம்பர் 2.5 லிட்டர், 75 குதிரை சக்திதான். வி-கிராஸ் 1.9 லிட்டர், ஆனா 160 குதிரை சக்திக்கு மேல, நாலுவழிச்சாலைல மதுரைக்கு அலுப்பில்லாம போயிரலாம்.
நீளம்: வி-கிராஸ் 5.3 மீட்டர், வாய்க்கா கரைல திருப்புததுக்குள்ள வேர்த்துரும்.

ரெண்டுக்கும் பின்னால லீஃப் ஸ்பிரிங்தான் (பாரம் தாங்க அடுக்குன இரும்புப் பட்டை), காலியா போனா தூக்கித் தூக்கிப் போடும். ஒண்ணு சொல்லுதேன், காஞ்ச தார் ரோட்டுல ஃபோர் வீல் போட்டு ஓட்டாதீங்க, முன்னும் பின்னும் முறுக்கிக்கிட்டு கியர் பெட்டிக்குத்தான் கேடு, சகதிக்கு மட்டும் போடுங்க.

தினம் வாழைத்தார் ஏத்துதவங்களுக்கு கேம்பர். குடும்பத்தோட தூரமும் போகணும், மலையும் ஏறணும்னா வி-கிராஸ்.